ஊர் உணவும் உயிர் இரக்கமும்

ஓர் ஊருக்குச் சென்றால் அவ்வூர் மக்கள் வழிவழியாக உண்டுவரும் உணவையே உண்ண வேண்டும். அதுவே அவ்வூரை உள்ளபடி அறியும் வழி. அதனை மறுப்பது அம்மக்களையே மறுப்பதாகும் என்று பயணம் பற்றி எழுதுவோர் பலரும் கூறுகின்றனர். நம் இல்லத்துப் பிள்ளைகள் கல்வியின் பொருட்டும் பணியின் பொருட்டும் கடல் கடந்து செல்வது வழக்கமாகிவிட்டமையால், இக்கூற்று நம்மையும் நோக்கி எழுகின்றது. ஊர் மரபை மதித்தல் ஓர் அறம். உயிர்க்கு ஊறு செய்யாமை தலையாய அறம். இவ்விரண்டும் ஒரே உணவுத்தட்டில் எதிரெதிரே நிற்குமாயின், இல்லறத்தார் செய்யத்தக்கது யாது?

இதற்குப் பொதுப்பட விடை கூறுவது எளிது, பயனோ குறைவு. ஆகவே ஒரு நகரத்தை எடுத்துக்கொண்டு, அதன் உணவை ஒவ்வொன்றாக ஆராய்ந்து பார்ப்போம். இத்தாலி நாட்டில் டஸ்கனி மாநிலத்தின் தலைநகராகிய பிளாரன்ஸ் நகரமே நாம் எடுத்துக்கொள்வது. அதனைத் தேர்ந்தமைக்குக் காரணமும் உண்டு.

ஐந்நூறு ஆண்டுக்கு முந்தைய கடிதம்

பிளாரன்ஸ் நகரத்தவராகிய அந்திரேயா கொர்சாலி என்பவர் போர்ச்சுகீசியர் கப்பலில் இந்தியா வந்து, கொச்சியிலிருந்து ஜுலியானோ தெ மெடிச்சி என்னும் பிரபுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். அது 1516ஆம் ஆண்டில் பிளாரன்சில் அச்சிடப்பட்டது. அதில் அவர் குசராத்து மக்களைப் பற்றிக் கூறுமிடத்து, குருதியுடைய எதனையும் அவர்கள் உண்பதில்லை என்றும், எவ்வுயிர்க்கும் தீங்கு நேர அவர்கள் இசைவதில்லை என்றும் எழுதுகின்றார். இவ்வகையில் அவர்கள் நம் லியொனார்டோ டா வின்சியை ஒத்தவர்கள் என்பது அவர் சேர்த்த குறிப்பு. அக்காலத்துக் குசராத்து வணிகருள் சமணர் எத்துணைச் சிறப்புடன் விளங்கினர் என்பது நாம் அறிந்ததே.

இக்குறிப்பு சிந்திக்கத்தக்கது. கொல்லாமையைத் தம் ஊராருக்கு விளக்க அவ்வணிகருக்கு அப்பால் ஓர் உவமை தேவைப்பட்டபோது, கொர்சாலி அதனைத் தம் நாட்டிலேயே கண்டார். புலால் மறுத்தல் அந்நகரில் அரியதாய் இருந்திருக்கலாம். எவரும் கேட்டறியாத அயற்பொருளாய் இருந்ததில்லை. இதனை நினைவிற்கொண்டு அந்நகரின் உணவுக்கடைகளுள் நுழைவோம்.

ஒரே ஊரில் இரண்டு மரபுகள்

பிளாரன்சின் மரபுணவு யாது என வினவினால் இரண்டு பெயர்கள் முந்திக்கொண்டு வரும். ஒன்று 'பிஸ்தெக்கா' எனப்படும் தடித்த மாட்டிறைச்சித் துண்டு. எலும்போடு தணலில் வாட்டப்படுவது. மற்றொன்று 'லம்ப்ரெதொத்தோ', மாட்டின் நான்காம் இரைப்பையை வேகவைத்து ரொட்டிக்குள் வைத்துத் தெருவோர வண்டிகளில் விற்பது. இவையே அந்நகரம் என்று பலர் எண்ணித் திரும்புகின்றனர்.

ஆனால் பிற மாநிலத்தார் டஸ்கனி மக்களுக்குச் சூட்டிய கேலிப் பெயர் 'இறைச்சி உண்போர்' என்பதன்று. 'பீன்ஸ் தின்போர்' என்பதாகும். உழவரும் நெசவாளரும் நாள்தோறும் உண்டது வெள்ளை பீன்ஸ், உப்பிடாத ரொட்டி, ஆலிவ் எண்ணெய், இலைக்கோசு ஆகியனவே. பீன்ஸை நறுமண இலையொன்றுடன் மெல்ல வேகவைத்து எண்ணெய் வார்த்து உண்பர். பழைய ரொட்டியைத் தக்காளியோடு குழைய வேகவைத்தால் 'பாப்பா அல் பொமொதோரோ'. கோசும் பீன்ஸும் காய்களும் சேர்ந்த ரொட்டிக் கஞ்சி 'ரிபொல்லீத்தா'. கடலை மாவை எண்ணெயும் நீரும் உப்பும் கூட்டி அடுப்பில் சுட்டால் 'செச்சீனா'. கூதிர்க் காலத்தில் செஸ்ட்நட் மாவுடன் உலர்திராட்சையும் பைன் பருப்பும் ரோஸ்மேரி இலையும் சேர்த்துச் சுடுவது 'கஸ்தஞ்ஞாச்சோ'. அதில் முட்டையும் இல்லை, பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை.

இவையனைத்தும் பிஸ்தெக்காவைப் போலவே அவ்வூர் உணவு. அன்றாட வழக்கை நோக்கின் அதனினும் மிகுதியாக அவ்வூர் உணவு. ஆகவே, 'மரபை மதிப்பதா, விரதத்தைக் காப்பதா' என்னும் வினாவில் முதலிலேயே ஒரு பிழை உள்ளது. ஓர் ஊருக்கு மரபு ஒன்றே என்று அது கருதிக்கொள்கின்றது. எந்த ஊரிலும் மரபு பலவாகும். அவற்றுள் எதனை மதிப்பது என்பது நம் தேர்வாகும்.

மரபு எத்துணைப் பழையது?

மேலும் ஒன்று. கொர்சாலி கடிதம் எழுதிய நாளில் இன்றைய வெள்ளை பீன்ஸும் தக்காளியும் பிளாரன்ஸ் மக்களின் உணவில் இல்லை. இரண்டும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து 16ஆம் நூற்றாண்டில் வந்தவை. அதற்கு முன் அவர்கள் அறிந்த பயறு நம் காராமணியின் இனம். இன்று 'தொன்றுதொட்டு' என்று சொல்லப்படுவதும் ஒரு காலத்தில் புதியதாய் வந்து, ஏற்கப்பட்டு, மரபாகியது. மக்கள் ஏற்றதால் மரபாகியது, மக்கள் கைவிட்டால் மாறவும் கூடும். எனவே 'பழையது' என்பது ஒரு செயல் அறமாவதற்குச் சான்றாகாது.

அந்நகராட்சி தன் உணவு மரபைச் சட்டத்தாலும் காக்கின்றது. 2016ஆம் ஆண்டில், பழைய நகரப் பகுதியில் புதிதாகத் தொடங்கும் உணவுக்கடைகள் 70 விழுக்காடு அவ்வட்டாரப் பொருள்களையே கொள்ள வேண்டும் என விதி செய்தது. அவ்வாண்டிலேயே பேராலயச் சதுக்கத்தில் கடை திறக்க விரும்பிய அமெரிக்க நிறுவனம் ஒன்றுக்கு இசைவு மறுத்தது. உள்ளூர் உழவரைக் காக்கும் இவ்விதி பாராட்டத்தக்கதே. எனினும் அது கேட்கும் கேள்வி, 'இப்பொருள் எங்கிருந்து வந்தது?' என்பதாகும். நாம் கேட்க வேண்டிய கேள்வி, 'இப்பொருள் எவ்வுயிரிலிருந்து வந்தது?' என்பது. முன்னது ஊரைக் காக்கும்; பின்னது உயிரைக் காக்கும். இரண்டையும் கேட்பதில் முரண்பாடு இல்லை.

சிக்கனம் என்னும் வாதம்

லம்ப்ரெதொத்தோ உண்போர் ஒரு வாதத்தை முன்வைப்பர்: 'விலங்கு எவ்வாறாயினும் கொல்லப்பட்டுவிட்டது, செல்வர் நல்ல பகுதியை உண்ண, எஞ்சியதை ஏழைகள் வீணாக்காமல் உண்கின்றனர். இது சிக்கனமன்றோ?' இதனை எள்ளி ஒதுக்கலாகாது. வீணாக்காமை நம் நெறியிலும் நற்பண்பே. ஆயினும் செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூவாயில்களாலும் வினை வருமென்று நாம் கற்றுள்ளோம். விலைகொடுத்து வாங்குவோர் உள்ளவரை எஞ்சிய பகுதியும் கொலைக்கு ஊதியமாகவே நிற்கும். கொலைக்குள் செய்யும் சிக்கனம் கொலையைக் குறைப்பதில்லை, அதனை ஆதாயமாக்குகின்றது.

ஆனால் இதே சிக்கனம் நம்மை வேறொரு வகையில் சோதிக்கும். 'ரிபொல்லீத்தா' என்னும் சொல்லுக்கு 'மீண்டும் கொதிக்கவைத்தது' என்பதே பொருள். முதல்நாள் எஞ்சிய கஞ்சியை மறுநாள் சுடவைத்து உண்ட ஏழையின் உணவு அது. புலால் இல்லை, வீணாக்குதல் இல்லை, எனினும் இரவு கடந்த ஈர உணவு. அதில் நுண்ணுயிர் பெருகும் என்று அதனை விலக்குவோர் நம்மிடையே உள்ளனர். வெங்காயமும் கேரட்டும் சேர்வதால் கிழங்கு விலக்குவோர்க்கும் அது ஆகாது.

இங்கே ஒருவர் மற்றொருவரைக் குறை கூறுவது தகாது. இல்லறத்தார் ஏற்கும் விரதங்கள் படிநிலைகளை உடையன. புலாலும் கள்ளும் தேனும் மட்டும் விலக்கியவர்க்கு ரிபொல்லீத்தா தடையன்று. அதற்கு மேற்பட்ட நோன்புடையார், அன்று வேகவைத்த பீன்ஸையோ செச்சீனாவையோ நாடலாம். தம் படி எதுவென்று வீட்டிலிருந்து புறப்படுமுன் தெளிதல் வேண்டும். பசி வந்தபின் வகுக்கும் எல்லை, பசிக்கேற்ப நகர்ந்துகொண்டே போகும்.

கண்ணுக்குத் தெரியாதவை

பிளாரன்சில் விரதத்துக்கு இடையூறு செய்வது கண்முன் தொங்கும் இறைச்சியன்று. கண்ணுக்குத் தெரியாத பொருள்கள். பார்மிஜானோ என்னும் புகழ்பெற்ற பாலாடைக்கட்டி, அதன் விதிப்படியே கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருளால் உறையவைக்கப்படுவது. எந்த இரைப்பை? லம்ப்ரெதொத்தோவாக விற்கப்படும் அதே நான்காம் இரைப்பை. தெருவண்டியில் முகம் திருப்பிச் சென்றவர், உணவுமேசையில் அதனையே வெண்துகளாகத் தூவி உண்ணக்கூடும். டஸ்கனியில் முட்செடி ஒன்றின் பூவால் பாலை உறையவைக்கும் பழைய வழக்கமும் உண்டு. அங்கும் மரபு இரண்டாகவே நிற்கின்றது. கேட்டு வாங்குவோர்க்கு நல்வழி கிட்டும்.

ஆகவே கேட்க வேண்டிய சொற்கள் மூன்று. 'ப்ரோதோ' என்பது இறைச்சி வெந்த சாறு, கஞ்சிகளில் கலந்திருக்கக்கூடும். 'ஸ்த்ரூத்தோ' என்பது பன்றிக் கொழுப்பு. சில ரொட்டிகளில் சேர்வது. 'காலியோ' என்பது மேற்கூறிய உறைபொருள். முட்டை, மீன், பால் முதலிய 14 பொருள்களை உணவகங்கள் அறிவிக்க வேண்டுமென ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் 2014 திசம்பர் முதல் விதித்துள்ளது. ஒவ்வாமையுடையோர்க்காகச் செய்யப்பட்ட அச்சட்டத்தால் முட்டையும் நெத்திலி போன்ற மீனும் நமக்கு முன்னரே தெரியவரும். கொழுப்பும் உறைபொருளும் அப்பட்டியலில் இல்லை. அவற்றை வாயால் கேட்டே அறிய வேண்டும்.

கேட்கும் முறையிலும் ஓர் அறம் உண்டு. விளக்கம் கூறச் சலித்து, 'எனக்கு ஒவ்வாமை' என்று பொய் சொல்வோர் பலர். கொல்லாமையைக் காக்க வாய்மையைக் கொடுப்பது கடனைக் கடனால் அடைப்பதாகும். 'இது எங்கள் நெறி. உயிர்க்கொலையால் வரும் பொருளை உண்பதில்லை' என்று பணிவுடன் கூறினால் போதும். அவ்வூரில் இத்தகையோரைப் பற்றி அச்சில் எழுதிவைத்தே ஐந்நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன.

எங்கே, எப்பொழுது உண்பது?

இடம் கூறாமல் நெறி மட்டும் கூறினால் பசித்தவர்க்கு உதவாது. சான் லொரென்சோ பகுதியில், இரும்பும் கண்ணாடியும் கொண்டு கட்டப்பெற்று 1874இல் திறக்கப்பட்ட மையச் சந்தை உள்ளது. கீழ்த்தளத்தில் காய், கனி, பயறு, உலர்பழம் ஆகியவை கிடைக்கும். இறைச்சிக் கடைகளைக் கடந்து செல்லும் மனத்திண்மையும் வேண்டும். அதைவிடச் சிறியதும் ஊரார் மிகுதியாக வருவதுமான சந்த் அம்ப்ரோஜோ சந்தை 1873இல் அமைந்தது. மையச் சந்தையையொட்டி 1953 முதல் நடைபெற்றுவரும் 'மாரியோ' போன்ற எளிய உணவகங்களில், முன்பின் அறியாதவர்கள் ஒரே மேசையில் அடுத்தடுத்து அமர்ந்து உண்பர். அங்கே பீன்ஸும் கஞ்சியும் கேட்டறிந்து பெறலாம். சான் மார்க்கோ சதுக்கத்து 'பூஜி' முதலிய அடுமனைகளில் 'ஸ்கியாச்சாத்தா' என்னும் எண்ணெய் ரொட்டி துண்டுகளாகக் கிடைக்கும். திராட்சை அறுவடைக் காலத்தில் பழம் பதித்த வகையும் வரும். எதிலும் கொழுப்புச் சேர்ந்துள்ளதா என வினவிக்கொள்க. பாதாம் பிஸ்கோத்தில் முட்டை உண்டு. சியென்னா நகரிலிருந்து வரும் கொட்டைப்பருப்பு அப்பத்தில் தேன் உண்டு.

இரவுணவு தவிர்ப்போர் காலத்தையும் நோக்க வேண்டும். இரவுணவுக்கு உணவகங்கள் திறப்பது மாலை 7 அல்லது 7.30 மணிக்கு. சூன் மாதத்தில் அங்கே கதிரவன் மறைவது ஏறக்குறைய 9 மணிக்கு. ஆதலின் அவ்வேளை உண்பதில் தடையில்லை. திசம்பரிலோ 5 மணிக்கு முன்னரே இருண்டுவிடும். அப்போது நண்பகல் 12.30 முதல் 2.30 வரையுள்ள வேளையே நமக்குரியது. அவ்வூர் எளியோர் உணவகங்கள் நெடுங்காலம் நண்பகல் உழைப்பாளர்க்காகவே நடந்தவை என்பதையும் எண்ணினால், நம் நோன்பும் அவ்வூர் வழக்கமும் ஒரே நேரத்தில் சந்திப்பது விளங்கும்.

மதித்தலும் மறுத்தலும்

இனித் தொடக்க வினாவுக்கு வருவோம். ஊர் மரபை மதித்தல் என்பது தட்டில் வைத்ததை எல்லாம் உண்பதன்று. அவ்வூரைப் பற்றி முயன்று அறிவதே மதித்தல். எந்த மாவு, எந்த எண்ணெய், எந்தப் பருவம் எனக் கேட்டறிந்து பீன்ஸை உண்பவர், கேளாமல் பிஸ்தெக்காவை உண்பவரினும் அவ்வூரை மிகுதியாக அறிகின்றார். விரதம் அவரை ஊரிலிருந்து விலக்கவில்லை; கேள்வி கேட்கச் செய்து ஊரோடு பேசவைத்தது.

மற்றொன்றையும் மறத்தலாகாது. அடுத்த இருக்கையில் இறைச்சி உண்பவரை இகழ்வதும் ஓர் ஊறே. ஒரு பொருளுக்குப் பல பக்கங்கள் உண்டெனக் கற்ற நாம், அவர் தம் பாட்டனாரின் நினைவோடு உண்கின்றார் என்பதையும் உணர்தல் வேண்டும். உணர்தல் வேறு, உடன்படுதல் வேறு. அந்நகரிலிருந்து ஆட்சி செய்த கோமகன் பீட்டர் லியோபோல்டு, 1786 நவம்பர் 30ஆம் நாள் டஸ்கனியில் மரணதண்டனையைச் சட்டத்தால் ஒழித்தார். தூக்குமரமும் ஒரு காலத்து மரபே. அதனைக் கைவிடும் துணிவு அந்நகரில் பிறந்தது. உயிர் இரக்கமும் அவ்வூரின் மரபுகளுள் ஒன்று.

நாம் செல்லும் ஊர் எதுவாயினும், அங்கே முன்பே இருக்கும் கொல்லா உணவைத் தேடிச் சென்று, விலை கொடுத்து, மகிழ்ந்து உண்போமாக. வாங்குவோர் பெருகினால் அம்மரபு வாழும். வெளியூர் சென்ற இல்லறத்தார் அவ்வூர்க்குச் செய்யத்தக்க நற்செயல் இதுவே.