சுவருக்குள் இருப்பது

வாடகைக்கு விடுவதற்கென்றே வீடு பார்க்கிறவர்களுக்கு வரும் குழப்பம் இது. பழைய வீட்டை வாங்கி, கூடவே நின்று வேலை பார்த்துச் சரிசெய்து விடுவதா? பத்திரம் முடிந்த மறுமாதமே வாடகை வரும்படி தயாராக இருக்கிற வீட்டை வாங்குவதா?

லாபக் கணக்கு பெரும்பாலும் தயார் வீட்டின் பக்கமே சாயும். கொத்தனாரும் பிளம்பரும் மாறி மாறி நாள் தள்ளும் மாதங்களில் வாடகை வராது, கடன் தவணை மட்டும் தவறாமல் போகும். வருமான வரியில் வாடகையிலிருந்து 30 சதவீதம் கழித்துக்கொள்ளலாம். ஆனால் ரிப்பேருக்கு ஒரு ரூபாயும் செலவழிக்காதவருக்கும் அதே 30, லட்சங்களைக் கொட்டியவருக்கும் அதே 30. வெயிலில் நின்று வேலை வாங்கிய பொழுது எந்தக் கணக்கிலும் ஏறாது. தனி வீட்டில் மனை முழுதும் நம்முடையது, ஃபிளாட்டில் யு.டி.எஸ். எனப்படும் பிரிக்கப்படாத பங்கு மட்டும்தான் என்பது மட்டும் பழைய வீட்டுக்கு ஒரு பலம்.

ஆனாலும் நான் பழைய வீட்டைத்தான் சொல்வேன். காரணம் பணம் அல்ல.

மேற்கு மாம்பலத்தில் நாங்கள் வாங்கிய வீட்டுக்கு முன்பே புதுப் பெயின்ட் அடித்திருந்தார்கள். வாஷிங் மெஷினுக்கென்று பளிச்சென்று ஒரு த்ரீ பின் பாயின்ட்டும் இருந்தது. எலக்ட்ரீசியன் அந்தப் பெட்டியைக் கழற்றி இழுத்தார். வந்தது இரண்டே ஒயர். மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் எர்த் கிடையாது. குளியலறைச் சுவரைக் கொத்தியபோது ஜி.ஐ. பைப் உள்ளே துருவேறி, ஒரு பென்சில் நுழையும் அளவுக்கே வழி விட்டிருந்தது. ஈரக் கையோடு அந்த மெஷினைத் தொடப்போகிறவர் குடிவருபவர். சுவரைக் கொத்தாமல் விட்டிருந்தால் அவருக்கும் தெரிந்திருக்காது, எனக்கும் தெரிந்திருக்காது.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் எந்த ரிப்பேர் யார் பொறுப்பு என்பதைத் தெளிவாகவே பிரிக்கிறது. குழாய் வாஷர், சுவிட்சு, பூட்டு போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. பைப் மாற்றுவது, ஒயரிங், கட்டுமான ரிப்பேர் ஆகியவை வீட்டுக்காரர் பொறுப்பு. கண்ணுக்குத் தெரியாதது எல்லாம் நம் தலையில் என்று ஆனபின், அதைப் பார்க்காமலே வாடகை வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

தயார் வீடு வாங்குவது தவறு என்று சொல்லவில்லை. வெளியூரில் வேலை பார்க்கிறவர் மேஸ்திரியிடம் சாவியைக் கொடுத்துவிட்டு போனிலேயே வேலை வாங்குவதைவிட அது எவ்வளவோ மேல். பில்டரிடம் நேராக வாங்கும் புது ஃபிளாட்டில் ஒரு பிடிமானமும் உண்டு: ரெரா சட்டப்படி, கையில் கொடுத்த 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறையைச் சொன்னால் 30 நாளில் அவர் செலவிலேயே சரிசெய்ய வேண்டும். ஒருமுறை கைமாறி, பெயின்ட் அடித்து வரும் வீடுதான் கவலை. அதற்கு அட்வான்ஸ் கொடுக்குமுன் நம் எலக்ட்ரீசியனை அழைத்துப்போய் நாலு பாயின்ட்டையாவது கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். முடிந்தால் ஐப்பசி மழையில் போய்ப் பாருங்கள். சுவரில் ஓதம் இருந்தால் எந்தப் பெயின்ட்டும் அப்போது மறைக்காது.

இவ்வளவு செலவழித்த பிறகு வாடகையைக் கூட்டலாமா என்று கேட்பார்கள். லாஃப்ட் போட்டதற்கும், இன்னொரு குளியலறை கட்டியதற்கும் கூட்டிக் கேட்பதில் தவறில்லை. எர்த் ஒயருக்குக் கேட்கக் கூடாது.