கத்தரிக்கோலும் பசையும்

நம் இல்லங்களில் உள்ள பழைய செபப் புத்தகம் ஒன்றைத் திறந்து பாருங்கள். செபங்களுக்கு முன்னரே கண்ணில் படுவன, இடையிடையே செருகி வைக்கப்பட்ட தாள்களாகவே இருக்கும். புதுநன்மை நாளின் நினைவுப் படம், உறவினர் ஒருவரின் குருப்பட்ட விழா அட்டை, கறுப்புக் கரையிட்டுப் பிறந்த நாளும் இறந்த நாளும் அச்சிடப்பட்ட பாட்டியின் படம், காய்ந்துபோன குருத்தோலைத் துண்டு. இவற்றை எவரும் திட்டமிட்டுத் தொகுக்கவில்லை. ஆயினும் அந்தப் புத்தகம் ஒரு குடும்பத்தின் நினைவேடாகிவிட்டது. மேலை நாடுகளில் 'ஸ்கிராப் புக்' என்னும் பெயரில் பெரும் பொழுதுபோக்காகவும் வணிகமாகவும் வளர்ந்துள்ள கலையை, அப்பெயரை அறியாமலே நம் பாட்டிமார் செய்து வந்திருக்கிறார்கள்.

இன்று நம் பிள்ளைகளும் இக்கலையை ஆர்வத்தோடு பயில்கின்றனர். தாளின் மீது வண்ணம் தீட்டி, துணித் துண்டையும் நூலையும் காய்ந்த இலையையும் புகைப்படத்தையும் ஒட்டி, வாழ்த்து அட்டைகளும் நினைவேட்டுப் பக்கங்களும் செய்கின்றனர். பல பொருள்கள் கலப்பதால் இதனைக் கலப்பு ஊடகக் கலை என்கிறார்கள். இதன் வேர்கள் பழமையானவை. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியத் துறவு மடங்களில் அருள்சகோதரிகள் சிறு கத்தியால் தாளைப் பின்னல் சரிகைபோல் நறுக்கி, நடுவே புனிதரின் உருவத்தைத் தீட்டினார்கள். 1843இல் இலண்டனில் ஹென்றி கோல் என்பவர், எல்லாருக்கும் தனித்தனியே கடிதம் எழுத நேரமின்றி, ஓவியர் ஹார்ஸ்லியைக் கொண்டு கிறிஸ்து பிறப்பு வாழ்த்து அட்டையை அச்சிடச் செய்தார். வணிகமுறைக் கிறிஸ்து பிறப்பு வாழ்த்து அட்டையின் வரலாறு அங்கே தொடங்குகிறது. 1873இல் எழுத்தாளர் மார்க் ட்வைன், பசை பூசிய பக்கங்களைக் கொண்ட நினைவேட்டுக்குக் காப்புரிமை பெற்றார். 1912இல் பிக்காசோவும் பிராக்கும் அச்சிட்ட எண்ணெய்த் துணியையும் சுவர்த்தாளையும் படத்தில் ஒட்டி, ஒட்டுவதும் ஓவியமே என்று கலையுலகை ஏற்கச் செய்தார்கள்.

இவற்றுள் ஹென்றி கோலின் செய்தி சிந்திக்கத்தக்கது. அச்சிட்ட கிறிஸ்து பிறப்பு வாழ்த்து அட்டை பிறந்ததே நேரமின்மையால்தான். அப்படியானால், நேரமின்மையைத் தீர்க்க வந்த ஒன்றை விட்டு மீண்டும் கையால் செய்யும் அட்டைக்கு நாம் ஏன் திரும்புகிறோம்? கடையில் வாங்கும் அட்டை நேர்த்தியானது, மலிவானது. கைப்பேசி வழியே அனுப்பும் வாழ்த்தோ அதனினும் எளியது. கோணல் எழுத்தும் பசைக் கறையும் உள்ள ஓர் அட்டையில் அப்படி என்ன மதிப்பு இருக்கிறது?

செலவிட்ட நேரமே மதிப்பு என்று சிலர் விடை கூறுவர். அது பாதி விடை. ஒருவர் பத்து மணி நேரம் உழைத்து ஓர் அட்டையைச் செய்து, பிறர் தம் திறமையை மெச்ச வேண்டும் என்ற எண்ணத்தோடு மட்டுமே அதைக் கொடுக்கலாம். அங்கே நேரம் உண்டு, அன்பு இல்லை. மாறாக, கால் மணி நேரத்தில் செய்த எளிய அட்டையில், பெறுபவருக்கு எந்த நிறம் பிடிக்கும், மூக்குக் கண்ணாடி இல்லாமல் எவ்வளவு பெரிய எழுத்தை அவரால் படிக்க இயலும், எந்த நாளை அவர் மறந்திருக்க மாட்டார் என்றெல்லாம் எண்ணிய மனம் தெரியலாம். மதிப்பு அந்தக் கவனத்தில்தான் இருக்கிறது. கையால் செய்யும்போது அக்கவனத்துக்கு இடம் கிடைக்கிறது. நேரம் அதற்கு வாசல் மட்டுமே.

இதற்கு விலையுயர்ந்த பொருள்களும் தேவையில்லை. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையை எடுத்துக்கொள்வோம். 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறும் அம்மலையில் 14 நாடுகள் உள்ளன. அவற்றுள் ஒன்று திருப்புலி நாடு. அங்கிருந்து வெளியூர் விடுதிக்குப் படிக்கச் சென்ற தங்கைக்கு ஒரு மாணவி அட்டை செய்ய விரும்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். காப்பி வடிநீரில் தோய்த்து உலர்த்தினால் வெள்ளைத் தாள் மண்ணின் பழுப்பு நிறம் பெறும். மிளகுக்கொடி படர்ந்தேறும் சில்வர் ஓக் மரத்தின் இலை, மேற்புறம் பச்சையாகவும் அடிப்புறம் வெள்ளியாகவும் இருக்கும். வாழைநார் ஓரக்கரையாகும். சாமைத் தாள் சிறு வீட்டின் கூரையாகும். அந்த அட்டையைப் பிரிக்கும் தங்கை, அதில் தன் மலையையே கையில் எடுப்பாள். அதே அட்டையை நகரத்து அங்காடியில் விற்றால் அது அழகுப் பொருள். அவள் கையில் அது வீட்டிலிருந்து வந்த செய்தி.

இதே மலையிலிருந்து சென்ற கடிதங்களைப் பற்றிய உண்மை நிகழ்ச்சி ஒன்று உண்டு. பாப்டிஸ்து சபையைச் சேர்ந்த ஆங்கிலேய மறைபோதகர் ஜெசி பிராண்டும் அவர் துணைவியார் ஈவ்லினும் கொல்லிமலையில் வாழ்ந்து மக்களுக்கு மருத்துவமும் கல்வியும் அளித்தார்கள். 1914இல் பிறந்து அம்மலையில் வளர்ந்த அவர்களுடைய மகன் பால், ஒன்பதாம் வயதில் படிப்புக்காக இங்கிலாந்தில் விடப்பட்டார். மலையில் தாம் கண்ட மரங்களையும் உயிர்களையும் பற்றித் தந்தை மகனுக்குத் தவறாமல் எழுதி வந்தார். 1929இல் கடுங்காய்ச்சல் ஜெசியின் உயிரைப் பறித்தது. செய்தி தந்தியில் விரைந்து சென்றது. ஆனால் இறப்பதற்கு முன் அவர் எழுதிய கடிதங்கள் கப்பலில் மெல்லச் சென்றன. தந்தை இறந்துவிட்டார் என்று அறிந்த பிறகும், தந்தையின் கையெழுத்தைத் தாங்கிய கடிதங்கள் அந்தச் சிறுவனுக்கு வந்துகொண்டே இருந்தன.

தந்தி உண்மையைச் சொன்னது. கடிதமோ தந்தையையே கொண்டு வந்தது. கையால் செய்த பொருள்களை நாம் தூக்கி எறியத் தயங்குவதன் காரணம் இங்கே விளங்குகிறது. கை மறைந்த பின்னும், அது யாரை நோக்கி இயங்கியதோ அவரை நோக்கியே அப்பொருள் நிற்கிறது.

ஈவ்லின் அம்மையார் கணவரின் மறைவுக்குப் பின் இந்தியாவுக்குத் திரும்பினார். ஓய்வு பெறும் வயது கடந்தும் மலைமக்களிடையே உழைத்து, 1974இல் தம் 95ஆம் வயதில் காலமானார். தம் இறுதி இருபது ஆண்டுகளில் அவர் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை என்று மகன் எழுதியிருக்கிறார். எல்லாரும் அவ்வாறு வாழ வேண்டும் என்பதில்லை. ஆனால் நினைவேடு செய்வோர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றை அச்செய்தி எழுப்புகிறது. நான் செய்துகொண்டிருப்பது கடிதமா, கண்ணாடியா? பிறருக்காகச் செய்யப்படும் பக்கம் கடிதம். நம் குடும்பம் எவ்வளவு சிறப்பானது என்று நாமே பார்த்து மகிழவும் விருந்தினருக்குக் காட்டவும் மட்டும் செய்யப்படும் பக்கம் கண்ணாடி.

இந்தக் கேள்வி வெறும் கருத்தளவில் நிற்பதன்று. கையில் கத்தரிக்கோலை எடுத்தவுடன் அது செயலாகிறது. பழைய மணவிழாப் படம் ஒன்று மேசைமேல் இருக்கிறது. அதில் சாதி மாறி மணந்துகொண்டதால் வீட்டை விட்டு விலக்கப்பட்ட மகள் நிற்கிறாள். சொத்து வழக்கில் எதிர்த்தரப்பாகிவிட்ட தம்பி நிற்கிறார். மங்கலமான ஏட்டில் கைம்பெண்ணின் முகம் வேண்டாம் என்று யாரோ சொன்ன சித்தி நிற்கிறார். அழகுக்காக வெட்டுவதுபோல் ஓரத்தைச் சற்று வளைத்து வெட்டினால் போதும். ஒருவர் குடும்பத்திலிருந்து மறைந்துவிடுவார். பல ஆண்டுகளுக்குப் பின் பேரப்பிள்ளை அந்தப் பக்கத்தைப் புரட்டும்போது, பாட்டியின் தோள்மேல் ஒரு கை மட்டும் தெரியும். கைக்குரியவர் இருக்கமாட்டார்.

நினைவேடு நீதிமன்றப் பதிவேடு அன்று, எதை வைப்பது எதை விடுவது என்பது செய்பவரின் உரிமை என்று ஒருவர் வாதிடலாம். அவ்வாதத்தில் உண்மை உண்டு. எந்த நினைவும் தேர்ந்தெடுத்த நினைவுதான். நோயையும் கடனையும் பக்கந்தோறும் ஒட்டிவைக்க வேண்டும் என்று எவரும் கூறார். கணவனின் கொடுமைக்கு ஆளான ஒரு பெண், அவன் முகத்தைத் தன் ஏட்டில் வைத்தே ஆகவேண்டும் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. அவள் அப்படத்தை அகற்றுவது தன் காயத்துக்கு மருந்திடுவதாகும்.

ஆயினும் விடுவதற்கும் அழிப்பதற்கும் வேறுபாடு உண்டு. ஒரு படத்தைச் சேர்க்காமல் பெட்டியில் வைப்பது ஒன்று. ஒருவர் இருந்ததே இல்லை என்று பின்வருவோர் நம்பும்படி படத்தைத் திருத்துவது வேறொன்று. முன்னது மௌனம், பின்னது பொய்ச்சான்று. இவ்விரண்டையும் பிரித்தறிய எளிய சோதனை ஒன்று உண்டு. வெட்டப்பட்டவர் என்றேனும் ஒருநாள் நம் வீட்டுக்கு வந்து இந்த ஏட்டைப் புரட்டினால், நாம் அவர் முகத்தை நேராகப் பார்க்க முடியுமா? கொடுமைக்கு ஆளான பெண் தலைநிமிர்ந்து பார்ப்பாள். சித்தியின் முகத்தை வெட்டியவர் தலைகுனிவார்.

இத்தகைய வெட்டுகள் பெரும்பாலும் கோபத்தில் நிகழ்வதில்லை. பக்கம் அழகாக அமைய வேண்டும் என்ற எண்ணத்தில், வலியே தெரியாமல் நிகழ்கின்றன. வலி தெரியாமை எவ்வளவு கொடியது என்பதைக் கொல்லிமலையில் வளர்ந்த அந்தச் சிறுவனே பின்னாளில் உலகுக்கு விளக்கினார். மருத்துவர் பால் பிராண்ட் 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவை மருத்துவத்தால் நிமிர்த்தினார். தொழுநோயாளரின் விரல்கள் நோயினால் தாமாக அழுகி விழுகின்றன என்றே அந்நாளில் பலரும் எண்ணியிருந்தனர். அது தவறு என்று அவர் கண்டறிந்தார். நோய் நரம்புகளைத் தாக்கி உணர்வை அழிக்கிறது. உணர்விழந்த கை, சுடும் பாத்திரத்தையும் கூரிய விளிம்பையும் அறியாமல் பற்றுகிறது. காயமும் அதன்பின் கவனிக்கப்படாத புண்ணுமே விரல்களைச் சிதைக்கின்றன. அவர் வேலூரில் அமைத்த நவ ஜீவ நிலையத்தில், குணமடைந்தோர் மரப் பொம்மைகள் செய்யப் பழகினார்கள். கைத்தொழிலோடு, தம் கைகளைக் கண்ணால் காத்துக்கொள்ளவும் அவர்கள் கற்றார்கள். உணர்வு செய்யவேண்டிய பணியை அங்கே கவனம் செய்தது.

உறவுகளுக்கும் இது பொருந்தும். பிரிந்த உடன்பிறப்பின் முகத்தைக் கத்தரிக்கும்போது கை நடுங்கினால், அந்த உறவு இன்னும் உயிரோடு இருக்கிறது என்று பொருள். நடுக்கமே இல்லாமல் வெட்ட முடிந்தால் அஞ்ச வேண்டும். அப்போது உணர்வு செய்யாததைக் கவனமாவது செய்ய வேண்டும்.

இக்கலையை நன்கு அறிந்தோரின் நடைமுறை விதிகள் சிலவும் இவ்வறத்துக்கு இசைவாகவே இருக்கின்றன. மூலப்படத்தை ஒருபோதும் வெட்டாதீர்கள், படி எடுத்து அதனை வெட்டுங்கள் என்பது முதல் விதி. வெட்டிய மூலத்தை மீண்டும் சேர்க்க முடியாது. படத்தின் முதுகில் நேரடியாகப் பசை தடவாமல் மூலைத்தாள்களில் செருகி வையுங்கள் என்பது அடுத்தது. பின்னாளில் எடுத்துப் பார்க்கவும் மாற்றி வைக்கவும் வழி இருக்க வேண்டும். மைதாப் பசை காய்ச்சும்போது புத்தகம் கட்டுவோர் சிறிது மயில்துத்தம் சேர்ப்பார்கள். இல்லையேல் ஒட்டியதைப் பூச்சி அரித்துவிடும். இலையை நன்கு உலர்த்தாமல் ஒட்டினால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். ஈரத்தோடு மூடிவைத்த எதுவும் கெட்டுப்போகும் என்பது மனக்கசப்புக்கும் பொருந்தும் அன்றோ? படத்தில் இருப்போர் அனைவரின் பெயரையும் தனித்தாளில் எழுதி உடன் வைக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. அனைவரின் பெயரையும் என்பதை மறவாதிருப்போம்.

ஆகவே பிள்ளைகள் அட்டையும் ஏடும் செய்ய அமரும்போது, அழகாக வெட்டக் கற்பிப்பதோடு நின்றுவிடாமல் இருப்போம். இதை யாருக்காகச் செய்கிறாய் என்று கேட்போம். குடும்பப் படம் ஒன்றை அவர்கள் எடுத்தால், அதில் நிற்கும் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் காட்டுவோம். வீட்டில் பேசப்படாத பெயரையும் சொல்வோம். இன்னும் சமாதானம் ஆகாத உறவுக்கு ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டுவைப்பதில் தவறில்லை. வெறும் பக்கத்தில் பின்னர் எதையும் ஒட்டலாம்.

இன்னும் துணிவு இருந்தால், இந்த ஆண்டின் முதல் அட்டையை நம்மோடு பேசாதிருக்கும் ஒருவருக்காகச் செய்வோம். அவர் விரும்பும் நிறம் எது என்று எண்ணிப் பார்ப்பதற்காகவேனும் சற்று நேரம் அவரைப் பகையின்றி நினைத்தாக வேண்டும். அட்டை அவரிடம் போய்ச் சேருமா, அவர் பதில் தருவாரா என்பது நம் கையில் இல்லை. அதைச் செய்வது நம் கையில் இருக்கிறது.