ஒரிஜினலா சார்?

உங்களுக்குத் திடீரென்று கோடிக்கணக்கில் பணம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். லாட்டரியில் என்று சொல்ல முடியாது, தமிழ்நாட்டில் அதை 2003-லேயே தடை செய்துவிட்டார்கள். யாரோ ஒரு தூரத்து மாமா எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார். ஆனால் மாமா ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்: பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்க வேண்டும். மனிதர் நல்லவர். சுங்க வரிக்கும் சேர்த்தே எழுதி வைத்திருக்கிறார்.

உங்கள் முன்னால் இரண்டு வண்டிகள் நிற்கின்றன. இரண்டுமே கோப்ரா. இங்கிலாந்து ஏ.சி. கம்பெனியின் லேசான உடம்புக்குள் அமெரிக்க ஃபோர்டு இன்ஜினைத் திணித்து, கரோல் ஷெல்பி என்ற பந்தயக்காரர் 1962-ல் கொண்டுவந்தது. 1967-க்குள் நிறுத்திவிட்டார்கள். செய்தது மொத்தம் சுமார் ஆயிரம் வண்டிகள்தான். ஆனால் உலகம் முழுக்க ஓடுகிற கோப்ராக்களை எண்ணினால் ஆயிரத்தோடு நிற்காது, அதைப் போலப் பல மடங்கு வரும். அந்த அளவுக்கு ரெப்ளிகா.

முதல் வண்டி 1965-ல் பிறந்தது. அலுமினிய உடம்பு. சீட்டில் யார் யாரோ உட்கார்ந்து எழுந்த சுருக்கம். ஆயில் ஒழுகும். இரண்டாவது வண்டி போன வருஷம் பிறந்தது. அதே வளைவு, அதே வாய், அதே நிறம். உடம்பு ஃபைபர் கிளாஸ். புது இன்ஜின். பிரேக்கை அழுத்தினால் நிற்கும். விலை முதல் வண்டியில் பத்தில் ஒரு பங்கு.

எது வேண்டும்?

'இதிலென்ன யோசனை, ஒரிஜினல்தான்' என்கிறீர்கள். சரி. ஏன் என்று கொஞ்சம் சொல்லிப் பாருங்கள்.

அழகு என்றால் இரண்டும் ஒரே அழகு. பத்தடி தள்ளி நின்றால் உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஓட்டம் என்றால் புதுசுதான் நன்றாக ஓடும். 'நாளைக்கு விலை ஏறும்' என்கிறீர்களா? அதுவும் நிஜம்தான். 1960-களில் 36 மட்டுமே செய்யப்பட்ட ஃபெராரி 250 ஜி.டி.ஓ.வில் ஒன்று 2018-ல் அமெரிக்காவில் 48.4 மில்லியன் டாலருக்கு ஏலம் போனது. அன்றைய கணக்கில் ஏறக்குறைய 340 கோடி ரூபாய். ஆனால் விலை ஏறுவதற்குத்தான் வாங்குகிறீர்கள் என்றால் அதற்குத் தங்கம் போதும், ஆயிலும் ஒழுகாது.

இதையெல்லாம் கழித்துவிட்டால் மிஞ்சுவது ஒன்றே ஒன்று. அது அங்கே இருந்தது.

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி போகிற சாலையில், செங்குன்றம் தாண்டினால் சோழவரம். இரண்டாம் உலக யுத்தத்துக்காகப் போட்ட விமான ஓடுதளம் யுத்தம் முடிந்தபின் கார் பந்தயத் தளமாயிற்று. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனியாகப் பந்தய மைதானம் வரும்வரை, தென்னிந்தியாவில் ரேஸ் என்றாலே சோழவரம்தான். வெயிலில் குடையும் தண்ணீர் பாட்டிலுமாகப் போய் நின்றவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை அழைத்துப் போய், அன்று அங்கே ஓடிய வண்டி ஒன்றை ஏதோ ஒரு ஷெட்டில் காட்டுங்கள். தொட்டுப் பார்ப்பார், பேச்சு வராது. அச்சு அசலாக அதே மாதிரி புதிதாகச் செய்த ஒன்றைக் காட்டுங்கள். 'பெயின்ட் நல்லா அடிச்சிருக்காங்க' என்பார்.

ஆக, ஒரிஜினலுக்கு நாம் கொடுக்கிற அதிகப்படி விலை இரும்புக்கு அல்ல, சாட்சிக்கு. சரி, அந்த சாட்சி வண்டியில் எங்கே இருக்கிறது? எந்த நட்டில், எந்த போல்ட்டில்?

இதை ஒரு நீதிமன்றமே விசாரித்திருக்கிறது. 1929-லும் 1930-லும் பிரான்ஸில் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஜெயித்த பென்ட்லி கார் ஒன்று உண்டு. 'ஓல்டு நம்பர் ஒன்' என்று பெயர். அதை ஒரு கோடி பவுண்டுக்கு வாங்க ஒரு கம்பெனி ஒப்புக்கொண்டது. அப்புறம் பின்வாங்கியது. 'இது அந்த வண்டியே இல்லை. சேஸிஸ் மாறிவிட்டது, இன்ஜின் மாறிவிட்டது, உடம்பு மாறிவிட்டது' என்று வாதம். விற்றவர் வழக்குப் போட்டார். விசாரித்துப் பார்த்தால் வாதத்தில் நியாயம் இருந்தது. 1929-ல் ஓடிய பாகம் என்று அடித்துச் சொல்ல அநேகமாக எதுவும் மிஞ்சவில்லை. ஆனாலும் 1990-ல் நீதிபதி ஆட்டன் சொன்ன தீர்ப்பு: இது அதே வண்டிதான். ஏனென்றால் இந்த வண்டி ஒருநாளும் காணாமல் போகவில்லை. ஒவ்வொரு பாகமாக மாறி வந்தது. நடுவில் அறுந்து போகாத ஒரே வரலாறு அதற்கு இருக்கிறது. பணத்தைக் கொடு.

லண்டன் கோர்ட்டுக்கு ஒரு வழக்கு தேவைப்பட்டது. திருவாரூரில் கேட்டிருந்தால் டீக்கடையிலேயே சொல்லியிருப்பார்கள். ஆழித்தேர் 1926-ல் தீப்பிடித்து எரிந்து போனது. மறுபடி செய்தார்கள். நடுவில் பல வருஷம் ஓடாமல் நின்றது. 1970-ல் மறுபடி ஓடியது. இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் திருச்சி பெல் நிறுவனம் செய்து கொடுத்தது. அப்பர் காலத்துக் கட்டை ஒன்றுகூட அதில் இருக்க வழியில்லை. ஆனால் வடம் பிடிக்கிற யாராவது 'இது ஒரிஜினல் தேரா, ரெப்ளிகாவா?' என்று கேட்டு நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? கேட்கத் தோன்றாது. அதே ஊர், அதே வீதி, அதே தியாகராஜர். இழுக்கிற கைகள் மாறிக்கொண்டே வந்தன, இழுப்பது விட்டுப்போகவில்லை.

அப்படியானால் நகல் என்பது வரலாறு இல்லாத வண்டி. அவ்வளவுதான். வரலாறு இல்லாதது ஒரு குற்றமா? பிறந்த குழந்தைக்குக்கூட வரலாறு கிடையாது.

சோழவரம் இருக்கிற அதே திருவள்ளூர் மாவட்டத்தின் இன்னொரு மூலைக்குப் போவோம். திருத்தணியைத் தாண்டி, ஆந்திர எல்லையை ஒட்டி, பொதட்டூர்பேட்டை. நெசவு ஊர். தெருவுக்குள் நுழைந்தால் முதலில் உங்களை வரவேற்பது விசைத்தறிச் சத்தம்தான். 'டக டக டக டக' என்று, பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாத அளவுக்கு. கைத்தறியில் ஒருவர் கையும் காலும் ஓயாமல் நாள் முழுக்க நெய்வதை, விசைத்தறி சாப்பாட்டு நேரத்துக்குள் நெய்து போட்டுவிடும். கைத்தறியின் கட்டத்தையும் கரையையும் அதுவும் போடும். ஒருவகையில் பார்த்தால், விசைத்தறித் துணி கைத்தறித் துணியின் ரெப்ளிகா.

விசைத்தறி நெசவாளி பொய் சொல்கிறாரா? இல்லை. ராத்திரி ஷிப்ட் பார்த்து, கரன்ட் போனால் கையைப் பிசைந்து நின்று, கூலிக்கு நெய்கிறார். விசைத்தறித் துணி என்றுதான் கொடுக்கிறார். அந்தத் துணி எத்தனையோ பேரின் உடம்பைக் குறைந்த விலையில் மறைக்கிறது. அதற்கு ஒரு கும்பிடு போடலாம். பொய் நுழைவது வேறு இடத்தில். எங்கேயோ ஒரு நகரத்தில், ஏ.சி. போட்ட ஒரு கடையில், அந்தத் துணிமேல் 'கைத்தறி' என்று ஒரு லேபிள் ஒட்டப்படும்போது.

இது நடக்கும் என்று தெரிந்துதான் 1985-ல் சட்டமே போட்டார்கள். இன்னின்ன ரகங்களைக் கைத்தறியில் மட்டும்தான் நெய்யலாம் என்று ஒதுக்கினார்கள். முதலில் 22 ரகம், 1996-ல் அதை 11 ஆக்கினார்கள். 2006-ல் கைத்தறி முத்திரை வந்தது.

வாங்கியவருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். துணி கிழியவில்லை, சாயம் போகவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். அவர் கூடுதலாகக் கொடுத்த ஐந்நூறோ ஆயிரமோ துணிக்கு அல்ல. எங்கேயோ ஒரு குழித்தறியில் உட்கார்ந்து ஒரு மனிதர் காலால் மிதித்து மிதித்து நெய்த நாட்களுக்கு. அந்த மரியாதை அந்த மனிதருக்குப் போய்ச் சேரவில்லை. விசைத்தறிக்காரருக்கும் போகவில்லை. லேபிள் ஒட்டியவர் பைக்குப் போயிற்று. திருடப்பட்டது பணம் மட்டுமில்லை, ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பிய மரியாதை.

இதைவிடப் பெரிய லேபிள் திருட்டு ஒன்று நம் ஊரில் நடந்தது. தஞ்சைப் பக்கம் சிவபுரத்தில் 1951-ல் மண்ணுக்குள்ளிருந்து சோழர் கால நடராஜர் கிடைத்தார். கோயிலுக்கு வந்தார். சில வருஷத்தில் பழுது பார்க்கக் கொடுத்தார்கள். திரும்பி வந்தது அதே மாதிரி செய்த வேறொரு சிலை. ஊருக்குத் தெரியாது. அதற்கே அபிஷேகம், அதற்கே ஆராதனை. 1960-களில் பிரிட்டிஷ் மியூசியத்து அறிஞர் டக்ளஸ் பாரெட், கோயிலில் இருப்பது நகல் என்று எழுதிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அசல் கைமாறிக் கைமாறி, 1973-ல் ஒன்பது லட்சம் டாலருக்கு அமெரிக்காவின் நார்ட்டன் சைமன் கைக்குப் போனது. வழக்கு, சமரசம் எல்லாம் முடிந்து 1986-ல் திரும்பி வந்தது.

அத்தனை வருஷம் அந்த நகலின் முன்னால் கை கூப்பிய கிழவியின் பக்தி பொய்யா? நிச்சயமாக இல்லை. சிலையே பாவம் செய்ததா? அதுவும் இல்லை. சுவாமிமலையில் ஸ்தபதிகள் இன்றைக்கும் அதே அளவு, அதே லட்சணத்தில் நடராஜரை வார்க்கிறார்கள். அவற்றை யாரும் டூப்ளிகேட் என்பதில்லை. பிராணப் பிரதிஷ்டை செய்தால் சாமி. சிவபுரத்திலும் 'பழையவர் பத்திரமாக இருக்கட்டும், புதியவரை வையுங்கள்' என்று ஊரைக் கூட்டிச் சொல்லிச் செய்திருந்தால் ஒரு தப்பும் இல்லை. அதே சிலை, அதே உலோகம், அதே கைவேலை. சொன்னால் சிற்பம், சொல்லாவிட்டால் மோசடி.

இப்போது உங்கள் இரண்டு கார்களுக்கு வருவோம். மாமா காத்திருக்கிறார்.

ஒரிஜினலை எடுத்தால், நீங்கள் சொந்தக்காரர் என்று பத்திரம் சொல்லும். உண்மையில் நீங்கள் காவல்காரர். அதன் வரலாற்றில் இன்னொரு பெயர், அவ்வளவே. நினைத்தபோது மகாபலிபுரம்வரை ஒரு ரவுண்டு போக முடியாது. 2021-ல் வந்த மோட்டார் வாகன விதிப்படி, 50 வருஷம் தாண்டிய, மூல உருவம் மாறாத, பெரிதாக மாற்றிக் கட்டாத வண்டியை விண்டேஜ் என்று பதிவு செய்யலாம். நம்பரில் 'வி.ஏ.' என்று எழுத்து வரும். அப்படிப் பதிந்தால் கண்காட்சிக்கும் ராலிக்கும் பெட்ரோல் போடவும் ரிப்பேருக்கும் ரோட்டில் வரலாம், தினசரி ஓட்டக் கூடாது. (அந்த லண்டன் பென்ட்லி இந்த விதியில் தேறுமா என்பது சந்தேகம்.) பொத்திப் பொத்தி வைத்து அடுத்தவர் கையில் ஒப்படைக்க வேண்டும். அந்தப் பொறுமை உங்களிடம் இருந்தால் ஒரிஜினலை எடுங்கள். இல்லாவிட்டால், சாட்சியை விலைக்கு வாங்கிப் பீரோவில் பூட்டுகிறீர்கள்.

ஓட்ட ஆசையா? காற்று முகத்தில் அடிக்க வேண்டுமா? ரெப்ளிகாவை எடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதற்கும் ஒரு கடமை உண்டு. அது ஒரிஜினலின் கடமையைவிடக் கஷ்டமானது. சொல்ல வேண்டும். வாயால் சொன்னால் மட்டும் போதாது, எழுதி வைக்க வேண்டும். ஆர்.சி. புக்கில் உண்மையான வருஷம், சேஸிஸில் அதன் சொந்த நம்பர். நீங்கள் யோக்கியர், கேட்டால் சொல்லிவிடுவீர்கள். உங்களிடம் வாங்குகிறவர் சொல்வாரா? அவர் பேரன் சொல்வானா? பொய் பெரும்பாலும் முதல் ஆளிடம் பிறப்பதில்லை. முதல் ஆள் எழுதி வைக்காமல் விட்ட இடத்தில், மூன்றாவது ஆளிடம் பிறக்கிறது.

நான் எதை எடுப்பேன் என்று கேட்டால், ரெப்ளிகாவைத்தான். எனக்குக் காவல் காக்கிற பொறுமை கிடையாது. ஆனால் இந்தத் தேர்வில் நிஜமான பரீட்சை ஷோரூமில் நடக்காது. அண்ணா சாலை சிக்னலில் நடக்கும். சிவப்பு விளக்கு. உங்கள் கோப்ரா உறுமிக்கொண்டு நிற்கிறது. பக்கத்தில் பைக்கில் ஒரு பையன். பின்னால் தங்கச்சி. வாயைப் பிளந்து பார்க்கிறான். ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் கேட்கிறான்:

"ஒரிஜினலா சார்?"

நீங்கள் 'ஆமாம்' என்று பொய் சொல்ல வேண்டியதில்லை. லேசாகச் சிரித்தாலே போதும், அவன் நம்பிவிடுவான். பச்சை விழ இன்னும் ஏழு விநாடி இருக்கிறது.

என்ன சொல்வீர்கள்?