இரட்டை விளைவும் இதய வால்வும்

இதய வால்வின்மேல் நுண்ணுயிர்கள் தங்கி, குருதியின் தட்டணுக்களோடு திரண்டு சிறு கட்டிகளாக வளர்ந்து வால்வை அரிக்கும் நோய் எண்டோகார்டைட்டிஸ் எனப்படும். கருவுற்ற பெண்ணுக்கு இது அரிதாகவே வருகிறது. வந்தாலோ, உடலின் குருதி அளவு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகப் பெருகியிருக்கும் காலத்தில் பழுதடைந்த வால்வு அச்சுமையைத் தாங்காமல் இதயம் தளரவும், கட்டியின் துணுக்கு மூளைக்குச் சென்று அடைத்துப் பக்கவாதம் உண்டாகவும் கூடும். நான்கு முதல் ஆறு வாரங்கள் சிரை வழியே செலுத்தப்படும் பெனிசிலின் வகை மருந்துகள் பொதுவாகச் சிசுவுக்குத் தீங்கு செய்யாதவை ஆதலின், அவற்றால் நோய் அடங்கும்வரை அறச்சிக்கல் எழுவதில்லை. நோய் அடங்காமல், இதயத்தை நிறுத்திக் குருதியோட்டத்தை இதய-நுரையீரல் இயந்திரத்திடம் ஒப்படைத்து வால்வை மாற்ற நேரும்போதே அது எழுகிறது; ஏனெனில் நஞ்சுக்கொடிக்குச் செல்லும் குருதி அப்போது குறையக்கூடும், சிசு இறக்கும் வாய்ப்பும் ஏறத்தாழ 20 விழுக்காடு என மதிப்பிடப்படுகிறது.

இச்சிக்கலுக்குக் கத்தோலிக்க அறவியல் தரும் விடை இரட்டை விளைவுக் கோட்பாடு. 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் தற்காப்பைப் பற்றி ஆராய்ந்த இடத்தில் இதன் வித்து உள்ளது. செயல் தன்னளவில் தீயதன்று, நல்விளைவு மட்டுமே நாடப்படுகிறது, தீய விளைவு அதற்குக் கருவியாகவில்லை, தீமையை ஏற்குமளவுக்குக் காரணம் கனமானது என்னும் நான்கும் பொருந்தினால் செயல் குற்றமாகாது என்பது அதன் பிற்கால வடிவம். தாயின் உயிரைக் காக்கக் கர்ப்பத்தோடு தொடர்பற்ற அறுவை அவசரமாகத் தேவைப்பட்டு, அதன் பக்கவிளைவாகச் சிசு இறக்க நேர்ந்தால் அது நேரடிக் கொலையாகாது என்று போப் பன்னிரண்டாம் பயஸ் 1951இல் விளக்கினார். வால்வு அறுவை இதற்கு அப்படியே பொருந்துகிறது.

முதல் மூன்று விதிகளும் எளிதில் நிறைவேறிவிடுவதால் முடிவின் பாரமெல்லாம் நான்காவதன்மேல் விழுகிறது; அதன் கனமோ கர்ப்பத்தின் வாரங்களோடு மாறுகிறது. 13 முதல் 28 வாரங்கள் வரை அறுவைக்கு ஓரளவு உகந்த காலம். அதன்பின் முதலில் சிசேரியன் செய்து குழந்தையை எடுத்துவிட்டு வால்வைத் தொடுவது கருதப்படுகிறது. முதல் மாதங்களில் தாயின் இதயம் தளர்ந்தால் கருவும் உடன் மடியுமாதலால், காத்திருப்பது கருவைக் காப்பதாகாது. 'தாயா, சேயா' என்னும் வழக்கமான கேள்விக்கு அங்கே இடமே இல்லை. பேற்றில் குழந்தையின் பெரும்பகுதி வெளிப்படும்வரை தாயின் உயிருக்கு முதன்மை தந்து, வெளிப்பட்டபின் ஓருயிருக்காக இன்னோருயிரை விலக்கலாகாது என்னும் யூதர்களின் சட்டத் தொகுப்பான மிஷ்னாவும் காலத்தையே எல்லையாக வைக்கிறது.

எனினும் நான்கு விதிகளுள் ஒன்றேனும் தாயின் விருப்பத்தைக் கேட்கவில்லை. கருப்பைக் கட்டியோடு கருவுற்றிருந்த இத்தாலிய மருத்துவர் ஜியான்னா பெரெத்தா மொல்லா, சிசுவுக்கு ஊறு நேராத சிகிச்சையையே வேண்டி ஏற்று, 1962இல் மகளை ஈன்ற ஒரு வாரத்தில் இறந்தார். 2004இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். கடமைக்கு அப்பாற்பட்ட ஈகம் என்பதாலேயே அது போற்றப்படுகிறது. அதை எல்லாத் தாயரிடமும் கடனாகக் கேட்டால் ஈகம் என்னும் பெயரே அதற்குப் பொருந்தாது. ஆகவே அறுவை செய்பவர் குற்றமற்றவர் என்று காட்டுவதோடு இக்கோட்பாட்டின் பணி முடிகிறது. எந்த அளவு ஆபத்தை ஏற்பது என்பதை, உண்மை நிலை முழுதும் சொல்லப்பெற்ற தாயே முடிவு செய்ய வேண்டும்.