பற்றுச்சீட்டு இல்லாத தீர்ப்பு

கணக்கியலில் நாம் முதலில் படித்த பாடம், பற்றுச்சீட்டைக் காணாமல் பேரேட்டில் எதையும் பதியக் கூடாது என்பதாகும். இலக்கத்துக்குக் காட்டும் இந்தக் கவனத்தை மனிதருக்குக் காட்டுகிறோமா?

இக்கேள்வி எம்முள் எழுந்தது ஒரு சிகிச்சை நிலையத்தில். எம்மவரான ஓர் அம்மாவுக்கு மொழிபெயர்ப்பதற்காக நாம் போயிருந்தோம். (அவரின் சம்மதத்துடனேயே இதை எழுதுகிறோம்.) அவரை மதிப்பிட வந்தவர் உளவியல் பயிற்சிக் காலத்தில் இருந்த ஓர் இளைஞர். இரவில் பத்துப் பன்னிரண்டு தடவை எழும்பிக் கதவுப் பூட்டைப் பார்க்கிறார் என்பது வீட்டாரின் முறைப்பாடு. அம்மாவோ தலை குனிந்தபடி ஒரு சொல்லில் பதில் சொன்னார். "கண்ணைப் பார்ப்பதில்லை, ஒதுங்கியிருக்கிறார்" என்று இளைஞர் குறித்தார். மகன் வயதுடைய அந்நியர் முன் எங்கள் தாய்மார் வேறு எப்படி இருப்பார்கள்? சொல்லை மொழிபெயர்ப்பது மட்டுமே எமது கடமை. ஆயினும் அனுமதி கேட்டு அதனையும் சொன்னோம். அவர் எழுதியதை வெட்டவில்லை; பக்கத்தில் "மரியாதையாகவும் இருக்கலாம்" என்று சேர்த்துக்கொண்டார்.

நடத்தையை மதிப்பிடும்போது முன்னர் நடந்தது, செயல், பின்னர் கிடைத்தது என மூன்று நிரல்களில் குறிப்பார்கள். இரண்டு கிழமை குறித்துப் பார்த்தபோது, மகன் இரவு வேலைக்குப் போகும் நாட்களிலேயே அம்மா எழும்புகிறார் என்பது தெரிந்தது. பூட்டைத் தொட்டதும் மனம் சற்று ஆறுகிறது. அந்த ஆறுதலே மறுபடியும் எழுப்புகிறது. என்ன பயம் என்று கேட்டபோதுதான், ஊரில் ஓர் இரவு வெளியே போன மூத்த மகன் திரும்பவில்லை என்றார். வீட்டில் எவரும் அதுவரை கேட்கவில்லை. நாமும் "விசர்க் குணம்" என்று மனதில் பதிந்துவிட்டிருந்தோம்.

மேற்பார்வையாளருடன் சேர்ந்து வகுத்த திட்டத்தில் இலக்கைத் தெரிவு செய்தவர் அம்மாவே: விடியும்வரை நித்திரை கொள்ள வேண்டும். பூட்டைப் பார்க்கும் எண்ணிக்கையைப் படிப்படியாகக் குறைப்பது, மூத்தவரைப் பற்றி அவர் விரும்பும் வேகத்தில் பேசுவது என முடிவாயிற்று. கார்ல் றொஜேர்ஸ் 1951 இல் வெளியிட்ட நூலின் பெயரிலேயே 'நோயாளி' இல்லை, 'துணைநாடி' இருக்கிறார். அதன் பொருள் அன்றுதான் எமக்கு விளங்கியது.

1973 இல் டேவிட் றோசன்ஹான் ஓர் ஆய்வை வெளியிட்டார். குரல் கேட்பதாக நடித்து மனநல மருத்துவமனைகளில் சேர்ந்த சுகதேகிகள் குறிப்பெழுதியதுகூட நோயின் அறிகுறியாகப் பதியப்பட்டது என்றார். ஆனால் 2019 இல் வெளியான சுசானா கஹலனின் நூல், அவர் தந்த விபரங்களே உண்மைதானா என்று பலத்த ஐயம் எழுப்பியது. அவசரத் தீர்ப்பைக் கண்டித்தவரின் பேரேடும் தணிக்கைக்கு உரியதே.

அப்படியானால் எவரையும் மதிப்பிடாமல் விடலாமா? விட்டிருந்தால் அந்த அம்மாவின் துயரம் வெளிவந்திராது. மதிப்பீடு வேண்டும், ஆனால் அது பென்சிலால் எழுதப்பட வேண்டும். அதற்கு உரியவரிடம் காட்டித் திருத்தவும் வேண்டும்.

அடுத்த வெள்ளிக்கிழமை கோவில் மண்டபத்தில் ஒருவர் தனியே இருந்தால், அவருக்கு ஒரு பெயர் சூட்டுமுன் பக்கத்தில் போய் இருந்து, "சாப்பிட்டீர்களா?" என்று கேட்போம்.