மழை துணைக்காரணம் மட்டுமே

வெள்ளம் ஊரை அழித்ததும் ‘தெய்வச் செயல்’ என்று சொல்லி ஓய்ந்துவிடுகிறோம். விருத்தாசலத்தைத் தாண்டி இருக்கும் பெண்ணாடத்தில் பிறந்தவராகச் சொல்லப்படும் மெய்கண்டாரின் சைவ சித்தாந்தம் அப்படி ஓயவிடாது. எந்தக் காரியத்துக்கும் அது மூன்று காரணம் கேட்கும். குடத்துக்கு மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். எரிமலைச் சேற்றுவெள்ளத்தை இந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தால், மழை முதற்குற்றவாளி அல்ல என்பது விளங்கும்.

1991 ஜூன் 15 அன்று பிலிப்பைன்ஸின் பினாடுபோ எரிமலை வெடித்தது; அன்றே யூன்யா புயலும் வந்தது. 5 கன கிலோமீட்டருக்கும் அதிகமான சாம்பலும் கல்லும் பள்ளத்தாக்குகளை நிரப்பின. நுண்சாம்பல் இறுகிய சரிவில் தண்ணீர் அதிகம் உள்ளே இறங்காது. மேற்பரப்பில் ஓடி, கரையை அரித்து, பாறைகளையும் உருட்டிக்கொண்டு வரும். நாளெல்லாம் தூறுவதைவிடச் சிறிது நேரம் கொட்டித் தீர்ப்பதே ஆபத்து. மண் முன்பே நனைந்திருந்தால் இன்னும் குறைந்த மழையே போதும். 1995 அக்டோபர் 1 அன்று பகோலோர் ஊர் இப்படித்தான் புதைந்தது. அங்குள்ள சான் கில்லெர்மோ தேவாலயம் பாதி உயரம் மண்ணுக்குள் போக, ஜன்னல்களே வாசல்களாயின. பின்னாளில் சாம்பல் அடித்துச் செல்லப்பட்டு, சரிவில் செடிகொடி படர்ந்தபோது, அதே அளவு மழைக்கு அத்தனை சேறு இறங்கவில்லை. மாறியது மழை அல்ல, மேலே கிடந்த மண். முதற்காரணம் அதுவே.

குயவன் இடத்தில் இறைவன்தானே இருக்கிறான் என்று கேட்கலாம். இருக்கட்டும், ஆனால் உயிர்கள் செய்யும் வினையை அவன் தலையில் ஏற்றச் சித்தாந்தம் இடம் தரவில்லை. வெள்ளத்தில் சாவது இறந்தவர்களின் பிராரத்தம், அதாவது முன்வினையின் பயன், என்பார்கள். பிராரத்தத்தை ஒப்புக்கொண்டவர் ஆகாமியத்தையும், அதாவது இப்போது செய்து சேர்க்கும் வினையையும், ஒப்புக்கொண்டாக வேண்டும். அபாயம் தெரிந்தும் சும்மா இருப்பது இன்று சேரும் புதுவினை. பினாடுபோ வெடிப்புக்கு முன்பே விஞ்ஞானிகளின் எச்சரிக்கையைக் கேட்டுப் பல்லாயிரம் பேரை வெளியேற்றியதால் ஆயிரக்கணக்கானோர் பிழைத்தார்கள். சாவுதான் விதி, பிழைத்தது மட்டும் விதிக்குப் புறம்பு என்று எவரும் வாதிட முடியாது. பிறர் வினைக்கணக்கு நமக்குத் தெரியாது; நம் கடமை தெரியும்.

கடலூர் மாவட்டத்தில் எரிமலை இல்லை. ஆனால் 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 48 செ.மீ. மழை கொட்டியபோது, பண்ருட்டி அருகே பெரியகாட்டுப்பாளையத்தில் ஓடை வெள்ளம் வீடுகளோடு மனிதர்களையும் இழுத்துச் சென்றது. நீர் போகும் வழியில் குடியிருப்பதைத் தவிர வேறு வழியில்லாத ஏழையின் மீது சும்மா இருந்த பழி சேராது. மேட்டு நிலத்தில் இடம் ஒதுக்கும் அதிகாரம் யாரிடம் இருந்ததோ, வினையும் அவர்கள் கணக்கில்தான் ஏறும்.