இரண்டு கையெழுத்துகள்

மொன்றியல் தீவின் மேற்கு முனையில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் வசிக்கிறேன். சுமார் ஐயாயிரம் பேர் வாழும் சிற்றூர். எங்கள் எல்லையை ஒட்டி, பியர்ஃபோன் பக்கத்தில் லான்ஸ்-ஆ-லோர்ம் என்றொரு பகுதி: தரிசாகிப்போன பழைய வயல்கள், ஈரநிலம், காடு. 2015-இல் அங்கே 5,500 வீடுகள் கட்டும் திட்டம் அறிவிக்கப்பட்டது. எதிர்ப்பு மனுவில் நானும் கையெழுத்திட்டேன். 2017-இல் மாநகரின் பொதுக் கலந்தாய்வு அலுவலகம் மக்கள் கருத்தைக் கேட்டது. 2019-இல் திட்டம் கைவிடப்பட்டு, அந்த நிலமும் சேர்ந்த 3,000 ஹெக்டேர் பூங்கா அறிவிக்கப்பட்டது. அன்று வீட்டில் பாயசம் வைத்தோம்.

2023-இல் சித்தப்பா ஊரிலிருந்து கூப்பிட்டார். செய்யாறு சிப்காட் விரிவாக்கத்துக்காக மேல்மாவிலும் சுற்றுக் கிராமங்களிலும் மூவாயிரம் ஏக்கருக்கு மேல் எடுக்கப் போகிறார்கள். அவருடைய இரண்டேகால் ஏக்கரும் அதற்குள் வருகிறது. நெல்லும் மல்லாட்டையும் விளைகிற கிணற்றுப் பாசன நிலம்.

“என்னப்பா செய்யறது?”

“நல்ல விலை குடுத்தா கையெழுத்துப் போட்டுடுங்க சித்தப்பா. பேங்க்ல போட்டா விளைச்சலைவிட வட்டி அதிகமா வரும்.”

போனை வைத்ததும் மனைவி கேட்டாள்: “இங்கே காட்டுக்கு மனுப் போட்டப்போ இந்த வட்டிக் கணக்கைப் பாத்தீங்களா?”

பார்க்கவில்லை. ஏன் என்பதுதான் இத்தனை நாளாக என்னைக் குடைகிறது.

அங்கே வேலை வேண்டும், இங்கே அந்த நெருக்கடி இல்லை என்று முதலில் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதில் உண்மை உண்டு. செய்யாறு சிப்காட்டின் காலணித் தொழிற்சாலைக்குச் சித்தப்பாவின் மகளே தினமும் பஸ் ஏறிப் போகிறாள். அந்தச் சம்பளத்தால் வீட்டில் அவள் சொல்லுக்கு மதிப்பு கூடியிருக்கிறது. ஆனால் இங்கேயும் வீடு இல்லாமல் திண்டாடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த 5,500 வீடுகளில் சில, நேற்று விமானம் ஏறி வந்த நம்மவர் குடும்பங்களுக்குக் கிடைத்திருக்கலாம். முன்பே வந்து இடம்பிடித்து, பின்னால் வருகிறவனுக்குக் கதவைச் சாத்தியவர்களில் நானும் ஒருவன். ஆகவே தேவையை வைத்து இரண்டு ஊரையும் பிரிக்க முடியாது.

நட்டஈட்டை வைத்துப் பிரிக்கலாமா? எங்களுக்கு வடக்கே, ஆற்றுக்கு அப்பால் மிராபெல் இருக்கிறது. 1969-இல் விமான நிலையத்துக்காக அங்கே ஏறக்குறைய 97,000 ஏக்கர் கையகப்படுத்தப்பட்டது. சுமார் பத்தாயிரம் பேர் நிலம் இழந்தார்கள். 1975-இல் திறந்த நிலையத்தில் 2004-இல் பயணிகள் சேவை நின்றது. தேவைக்கு மேல் எடுத்த நிலத்தின் பெரும்பகுதி பிறகு திருப்பித் தரப்பட்டது. நிலத்தைத் திருப்பித் தரலாம்; நடுவில் போன வருடங்களை யார் தருவது?

எஞ்சுவது, யாரை, எப்போது, எப்படிக் கேட்டார்கள் என்பதுதான். எங்களுக்கு மைக் கொடுத்தார்கள். மேல்மாவில் மாதக்கணக்கில் போராடியவர்களில் ஏழு பேர்மீது 2023 நவம்பரில் குண்டர் சட்டம் பாய்ந்தது. எதிர்ப்பு கிளம்பியபின் ஆறு பேர்மீது விலக்கிக்கொண்டார்கள். ‘மாட்டேன்’ என்று சொல்ல முடியாத இடத்தில் வாங்கிய ‘சரி’யைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது?

அதைச் சொல்ல எனக்கும் முழு யோக்கியதை இல்லை. நானும் சித்தப்பாவைக் கேட்கவில்லை, விடையைத்தான் கொடுத்தேன். குற்ற உணர்ச்சியில் இப்போது ‘விற்காதீர்கள்’ என்று சொன்னால் அதுவும் அதே தவறு. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நான் போய்க் கால் நனைப்பதற்காக அவர் கிணற்றடியிலேயே நிற்க வேண்டுமா? புலம்பெயர்ந்த நமக்கு ஊர் மாறவே கூடாது. நம் வசதிக்கு அது வளரவும் வேண்டும். இரண்டிலும் அங்கே இருப்பவரின் குரல் இல்லை.

மறுவாரம் நானே கூப்பிட்டேன். “அன்னைக்கு நான் சொன்னதை விடுங்க. உங்களுக்கு என்ன தோணுது சித்தப்பா?”

முக்கால் மணி நேரம் பேசினார். மோட்டார் காயில் எரிந்தது, மகளின் நைட் ஷிப்ட், தாத்தா கிணறு வெட்டிய வருஷம். கொடுப்பாரா மாட்டாரா என்று மட்டும் சொல்லவில்லை. நானும் குறுக்கே பேசவில்லை.